ஏழு இடங்களில் தூதராக இருந்தவருக்கு எந்த ஊர்தான் தெரியும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாமஸ் பிக்கரிங் என்ற அமெரிக்கர் ஜோர்டான், நைஜீரியா, எல் சால்வடார், இஸ்ரேல், ஐ.நா., இந்தியா, ரஷ்யா என்று ஏழு இடங்களில் தூதராக இருந்திருக்கிறார். டெல்லியில் ஏழெட்டு மாதம்தான் இருந்தார். நம்மூரில் கலெக்டரை மாற்றுவது போல ஒருவரை இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் அவருக்கு எந்த நாட்டைப் பற்றி உருப்படியாகத் தெரிந்திருக்கும்? வெறும் கௌரவப் பதவியா இது? கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் கேள்வி சரியானது. கலெக்டர் உதாரணமும் பாதி பொருந்துகிறது. பொருந்தாத பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரியில் சர்வதேச அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தூதரகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. ஓய்வு பெற்ற அமெரிக்கத் தூதர்களின் வாய்மொழிப் பதிவுகளையும், ரகசியம் நீக்கி வெளியிடப்பட்ட அந்த நாட்டு வெளியுறவு ஆவணங்களையும் பல வருடம் வகுப்புக்காகப் படித்த பழக்கத்தில் எழுதுகிறேன். மூடிய அறைக்குள் நடந்ததை வெளியே இருப்பவன் ஓரளவுதான் சொல்ல முடியும்.

அமெரிக்கத் தூதர்களில் இரண்டு வகை உண்டு. நெடுங்கால வழக்கப்படி ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் அதிபருக்கு வேண்டியவர்கள், தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர்கள், ஓய்ந்த அரசியல்வாதிகள். அவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு, விருந்து கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. மீதிப் பேர் தேர்வு எழுதி அடிமட்டத்தில் சேர்ந்து மேலே வந்தவர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும் கறாரான பணி அது. பிக்கரிங் இந்த இரண்டாம் வகை. 1931இல் நியூஜெர்சியில் பிறந்தவர், போடன் கல்லூரி, ஃபிளெட்சர் பள்ளி, மெல்போர்ன் பல்கலைக்கழகம் என்று படித்து, கடற்படையில் மூன்று வருடம் இருந்துவிட்டு 1959இல் வெளியுறவுப் பணிக்கு வந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்த ‘கரியர் அம்பாசடர்’ என்ற தகுதி ராணுவத்தில் நான்கு நட்சத்திர ஜெனரலுக்குச் சமம்.

ஒவ்வொரு தூதரும் புது அதிபர் வரும்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டும், வேண்டுமானால் அதிபர் வைத்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் பிக்கரிங் நிக்சன், ஃபோர்ட், கார்ட்டர், ரீகன், மூத்த புஷ், கிளிண்டன் என்று ஆறு அதிபர்களின் தூதராக இருந்தார். நான்கு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் எதிர்க்கட்சி. அலங்காரத்துக்கு வைக்கிற ஆளை இத்தனை பேர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவர் தொழில் பழகிய இடம் என்று நான் நினைப்பது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார். 1964 ஜனவரியில் அந்தத் தீவில் புரட்சி நடந்து, சில மாதத்தில் அது எதிர்க்கரையில் இருந்த டாங்கனிகாவுடன் சேர்ந்தது, இன்றைய டான்சானியா அதுதான். சீனர்களும் கிழக்கு ஜெர்மானியர்களும் வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே அமெரிக்கத் துணைத் தூதராக இருந்தவர் ஃபிராங்க் கார்லூச்சி. பின்னாளில் ரீகனின் பாதுகாப்பு அமைச்சரானவர் அவர்தான். அவரும் தலைநகர் தார் எஸ் சலாமில் இருந்த சக அதிகாரி ஒருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். வாஷிங்டனை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்க இன்னும் வலுவான வாதங்கள் தேவை என்பதை ‘அம்யூனிஷன்’ வேண்டும் என்று ஆங்கில வழக்கில் சொல்லிக்கொண்டார்கள். ஒட்டுக் கேட்டவர்களுக்கு அது வெடிமருந்தாகக் கேட்டது. கவிழ்ப்புச் சதி என்று சொல்லி 1965 ஜனவரியில் இரண்டு பேரையும் நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். அந்தச் சூட்டோடு அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர் முப்பத்து மூன்று வயதுப் பிக்கரிங். சுவாஹிலி பேசுவார். 1967 வரை அங்கே தாக்குப்பிடித்தார். ஒரு சொல் அடுத்தவன் காதில் என்னவாக விழும் என்பதை இதைவிடக் கறாராகக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? மூன்று வருடம் என்பது பொது வழக்கம். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே ஊரில் நெடுநாள் இருப்பவர் அந்த ஊருக்கு வக்கீலாகிவிடுவார். ஜார்ஜ் ஷுல்ட்ஸ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, புதிதாகக் கிளம்பும் தூதரிடம் அறையில் இருந்த பெரிய பூகோள உருண்டையைக் காட்டி, “உங்கள் நாடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்பாராம். போகப்போகிற நாட்டின் மேல் விரல் வைத்தால் தோல்வி. அமெரிக்காவின் மேல் வைக்க வேண்டும். இதை ஷுல்ட்ஸே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு தூதர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது போன ஊரை அல்ல, தன் தலைநகரை. வாஷிங்டனில் யார் கையெழுத்துப் போட்டால் எது நகரும், எந்தச் செனட்டர் குறுக்கே நிற்பார், எந்த வாசகத்தை ராணுவத் தலைமையகம் ஏற்காது என்பதெல்லாம் கைவசம் இருந்தால் ஜோர்டானின் அம்மானிலும் நைஜீரியாவின் லாகோசிலும் வேலை ஓடும். பிக்கரிங் 1973, 74இல் வெளியுறவுத் துறையின் நிர்வாகச் செயலராக இருந்தார். அமைச்சர் மேசைக்குப் போகும் காகிதம், வரும் காகிதம் எல்லாம் அந்த அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் அமைச்சர் ரோஜர்ஸ், அவருக்குப் பிறகு கிஸ்ஸிங்கர். அதற்குப் பிறகுதான் முதல் தூதர் பதவி, ஜோர்டான்.

ஜோர்டானில் நான்கு வருடம், 1974 முதல் 78 வரை. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஹாக் ஏவுகணை வேண்டும் என்று மன்னர் ஹுசைன் கேட்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முரண்டு பிடிக்க, கடைசியில் இடம் விட்டு இடம் நகர்த்த முடியாதபடி நிறுவுவது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். 1977 பிப்ரவரியில் மன்னருக்கு சி.ஐ.ஏ. வருடக்கணக்கில் பணம் கொடுத்துவந்தது என்ற செய்தி வாஷிங்டன் போஸ்டில் வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் மன்னரைப் போய்ப் பார்த்துப் பேச வேண்டியவர் தூதர்தான். அதே ஆளை 1985இல் இஸ்ரேலுக்கு அனுப்பினார்கள். 1987 ஏப்ரலில் லண்டனில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் பெரஸும் மன்னர் ஹுசைனும் ரகசியமாகச் சந்தித்து, சர்வதேச மாநாடு ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பிரதமர் ஷாமிர் ஒத்துக்கொள்ளவில்லை, அது செத்துப்போனது. முயற்சி தோற்றது என்பது வரலாறு. ஆனால் மேசையின் இரண்டு பக்கத்தையும் நேரில் அறிந்த ஒரு தூதர் அப்போது டெல் அவீவில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். இடமாற்றத்தால் வீணாகும் அறிவும் உண்டு, கூடும் அறிவும் உண்டு.

எல் சால்வடார் வேறு மாதிரி. 1983இல் அவர் போனபோது உள்நாட்டுப் போர், வலதுசாரிக் கொலைப்படைகள். 1980 டிசம்பரில் நான்கு அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசோ அந்நாட்டு ராணுவத்துக்கே ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் 1983 நவம்பரில் அங்குள்ள தொழிலதிபர்கள் நிறைந்த கூட்டத்தில் கொலைப்படைகளைக் கண்டித்து வெளிப்படையாகப் பேசினார். அடுத்த மாதம் துணை அதிபர் புஷ் நேரில் வந்து அதையே ராணுவத் தளபதிகளிடம் சொன்னார். 1984 மே மாதம் தேசியக் காவல்படையினர் ஐந்து பேருக்கு அந்தக் கொலை வழக்கில் தண்டனை கிடைத்தது.

அதே மாதம் அதிபர் தேர்தலில் டுவார்ட்டே வென்றார், கொலைப்படைகளோடு சேர்த்துப் பேசப்பட்ட டாபூய்சோன் தோற்றார். தேர்தலை ஆட்டிவைத்தது பிக்கரிங்தான், அவரைத் திரும்ப அழையுங்கள் என்று செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ரீகனுக்கு எழுதினார். டுவார்ட்டே தரப்புக்கு சி.ஐ.ஏ. பணம் போனது உண்மை. அது அன்றைக்கே வெளிவந்துவிட்டது. ஆகவே ஹெல்ம்ஸ் சொன்னதில் பாதி பொய்யில்லை. அதற்குத் திட்டம் தீட்டியது தூதரா, வாஷிங்டனா என்பதில்தான் சண்டை. காங்கிரஸ் கமிட்டிகளுக்குத் தெரிந்து நடந்த வேலையைத் தூதர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. பிக்கரிங்கைக் கொல்லச் சதி நடக்கிறது என்று தகவல் வந்து, டாபூய்சோனை எச்சரிக்க ரீகன் தன் சிறப்புத் தூதர் வெர்னன் வால்டர்ஸை அனுப்பியதும் அந்த நாட்களில்தான். சொந்த நாட்டுச் செனட்டர் ஒரு பக்கம், போன ஊரின் துப்பாக்கி ஒரு பக்கம். கௌரவப் பதவியா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அவர் பேர் உலகம் முழுக்கத் தெரிந்தது ஐ.நா.வில். 1990 ஆகஸ்ட் 2, குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்த சில மணி நேரத்தில், நியூயார்க்கில் விடியற்காலையிலேயே பாதுகாப்புச் சபை கூடி, ஈராக் வெளியேற வேண்டும் என்ற 660ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 14 வாக்குகள் ஆதரவு, ஏமன் மட்டும் கலந்துகொள்ளவில்லை. கியூபாகூட ஆதரித்தது. நான்கு நாளில் பொருளாதாரத் தடை. நவம்பர் 29 வரை மொத்தம் 12 தீர்மானங்கள். கடைசியில் வந்தது 678. ஜனவரி 15க்குள் ஈராக் வெளியேறாவிட்டால் ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்தலாம் என்றது அது. 12 பேர் ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா நடுநிலை. ‘போர்’ என்றோ ‘படைபலம்’ என்றோ ஒரு சொல் அதில் கிடையாது. சோவியத் யூனியன் கையெழுத்துப் போடக்கூடிய சொற்றொடர் எதுவோ அதைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். நான்கு மாதம் நடந்த வேலையில் பாதி இப்படி வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசுவதும், தீர்மானம் நிறைவேறத் தேவையான ஒன்பது வாக்குகளை எண்ணி எண்ணிச் சேர்ப்பதும், வீட்டோ விழாமல் பார்த்துக்கொள்வதும்தான். கடைசி வாக்கெடுப்பன்று நாற்காலியில் உட்கார்ந்தவர் வெளியுறவு அமைச்சர் பேக்கர். அடுப்படியில் நின்றவர் வேறு, பந்தியில் பரிமாறியவர் வேறு.

அன்று ஏமன் தூதரிடம், நீங்கள் போட்டதிலேயே விலை அதிகமான வாக்கு இதுதான் என்று அமெரிக்கர் ஒருவர் சொன்னதாக எல்லோரும் எழுதுவார்கள். சிலர் அதைப் பிக்கரிங் வாயில் வைக்கிறார்கள். சொன்னது யார் என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு இருக்கிறது, பேக்கர் தன் நினைவுக்குறிப்பில் அதைத் தன்னுடையதாகவே சொல்கிறார். ஏமனுக்கான உதவி அதன்பின் வெட்டப்பட்டது மட்டும் சந்தேகமில்லாதது. அதேபோல, புகழ் அதிகமாகி பேக்கர் வட்டாரத்துக்குப் பிடிக்காமல் போனதால்தான் 1992இல் பிக்கரிங்கை டெல்லிக்குத் தள்ளினார்கள் என்று அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அது ஊகமாகவே நின்றுவிட்டது. அதை உறுதியான காரணம் போலத் திருப்பிச் சொல்லாதீர்கள்.

இப்போது டெல்லி. 1992 ஆகஸ்ட் முதல் 1993 மார்ச் வரை. அந்தச் சில மாதங்களில் பாபர் மசூதி இடிப்பு, பம்பாய்க் கலவரம், குண்டுவெடிப்பு எல்லாம் நடந்து முடிந்தது. ஆனால் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1991 ஜனவரியில் இஸ்ரோ, சோவியத் நிறுவனமான கிளாவ்கோஸ்மோஸிடம் கிரையோஜெனிக் எஞ்சினும் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின்) அதன் தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாமல் தடுக்கும் சர்வதேசக் கட்டுப்பாட்டை மீறுகிறது என்று சொல்லி அமெரிக்கா 1992 மே மாதம் இரண்டு நிறுவனங்கள் மீதும் இரண்டு வருடத் தடை போட்டது. பிக்கரிங் டெல்லி வந்தபோது இந்தக் கோபம் ஆறவே இல்லை. 1993 மே மாதம் அவர் மாஸ்கோ போனார். ஜூலையில் ரஷ்யா இறங்கிவந்து, எஞ்சினை மட்டும் தருவோம், தொழில்நுட்பம் தரமாட்டோம் என்றது.

இதைப் படித்தவுடன் ‘ஆஹா, டெல்லியில் வேவு பார்த்து மாஸ்கோவில் முடித்துவிட்டார்’ என்று சிலர் எழுதுவார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. பேரம் தலைநகரங்களுக்கு இடையே மேல்மட்டத்தில் நடந்தது, பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த ரஷ்யாவுக்கு அமெரிக்க விண்வெளிச் சந்தையின் கதவு தேவைப்பட்டது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரே ஃபைலை வாங்குகிறவன் ஊரிலும் விற்கிறவன் ஊரிலும் அடுத்தடுத்துப் பார்த்த தூதர் அவர். மிச்சக் கதை திருநெல்வேலிப் பக்கத்து மகேந்திரகிரியில் இருக்கிறது. இஸ்ரோ சொந்தமாக எஞ்சின் செய்து, அங்கே வருடக்கணக்கில் எரித்து எரித்துச் சோதித்து, 2014 ஜனவரியில் அது வெற்றிகரமாகப் பறந்தபோது அந்த ஒப்பந்தம் முறிந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

மாஸ்கோவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1993 அக்டோபரில் ரஷ்ய அதிபர் எல்ட்சின் நாடாளுமன்றக் கட்டடத்தை டாங்கியால் சுட்டபோது அமெரிக்கத் தூதரக வளாகம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. 1995 செப்டம்பரில் யாரோ தெருவிலிருந்து தூதரகத்தின் மேல் ராக்கெட் குண்டு விட்டார்கள். ஆறாவது மாடிச் சுவரைத் துளைத்து உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் மெஷினைத்தான் அழித்தது. ஆளுக்குச் சேதமில்லை.

1997 முதல் 2000 வரை அவர் வாஷிங்டனில் அரசியல் விவகாரங்களுக்கான துணைச் செயலர், தொழில்முறை அதிகாரி பொதுவாக எட்டும் உச்சம். என் கணிப்பில் அவருடைய மிகக் கஷ்டமான ஒரு நாள் அப்போதுதான் வந்தது. கொசோவோ போரில் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்த நேரம், 1999 மே 7 அன்று அமெரிக்க விமானம் தலைநகர் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மேல் குண்டு போட்டது. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். ஜூன் நடுவில் அதிபரின் தூதராகப் பெய்ஜிங் போய் விளக்கம் சொல்ல வேண்டியவர் பிக்கரிங். விளக்கம் என்னவென்றால்: குறிவைத்தது யூகோஸ்லாவிய ஆயுதக் கொள்முதல் அலுவலகம், அது ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி இருந்தது. தெரு முகவரியை வைத்து, பக்கத்துத் தெருக்களின் கதவு எண்களைக் கணக்குப் போட்டு இடத்தைக் குறித்தார்கள், கணக்குத் தப்பியது. சீனத் தூதரகம் 1996இல் இடம் மாறியது வரைபடத்திலும் இல்லை, தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலிலும் திருத்தப்படவில்லை. உலகிலேயே துல்லியமான குண்டை வைத்திருக்கும் நாடு, கதவு எண்ணைத் தப்பாக எண்ணிவிட்டோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சீனா நம்பவில்லை, அங்கேயே நிராகரித்தது. ஆனால் பேச்சு அறுந்துபோகவில்லை. அந்த வருடமே இறந்தவர் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் 45 லட்சம் டாலர், கட்டடத்துக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் என்று முடிவானது. சீனாவில் கல்லெறிந்து உடைக்கப்பட்ட அமெரிக்கக் கட்டடங்களுக்குச் சீனாவும் 28 லட்சத்து 70 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் துதிபாடல் ஆகிவிடும். 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களை அல்-காய்தா குண்டு வைத்துத் தகர்த்தது. தார் எஸ் சலாம் அவர் முன்பு வேலை பார்த்த ஊர். பதிலடியாக 20ஆம் தேதி சூடானில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையை அமெரிக்கா தாக்கியது. அங்கே ரசாயன ஆயுத மூலப்பொருள் இருந்ததற்கு மண் மாதிரியே சாட்சி என்று வெளிப்படையாக வாதாடியவர்களில் பிக்கரிங்கும் ஒருவர். பின்னால் அந்தச் சாட்சியம் எவ்வளவு மெலிந்தது என்று அமெரிக்க அதிகாரிகளே பேச ஆரம்பித்தார்கள். தலைநகரை நன்றாகத் தெரிந்தவர் தலைநகரின் தப்பையும் நன்றாகவே எடுத்துச் சொல்வார். இந்தத் தொழிலில் அது பிரிக்க முடியாத பாதி. ஓய்வுக்குப் பின் போயிங்கில் துணைத் தலைவராகச் சேர்ந்ததையும் சிலர் குறை சொல்வார்கள். 2012இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸும் மூவரும் கொல்லப்பட்டபோது விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, தான் நாற்பது வருடம் இருந்த துறையின் மேல்மட்ட நிர்வாகத்தைப் பெயர் சொல்லாத குறையாகக் கண்டித்து 29 பரிந்துரைகள் கொடுத்தார். வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டனை ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்வி அதற்குப் பிறகும் பிக்கரிங்கை விடவில்லை. பாதுகாப்பு முடிவுகள் அமைச்சருக்குக் கீழே இருந்தவர்களால் எடுக்கப்பட்டவை என்று பதில் சொன்னார். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

அப்படியானால் ஊரைத் தெரிந்தவர் யார் என்று நீங்கள் விடாமல் கேட்கலாம். தூதரகத்தில் இருபது, முப்பது வருடம் வேலை பார்க்கும் உள்ளூர் ஊழியர்கள், அப்புறம் மொழி படித்துவிட்டு வரும் இளம் அதிகாரிகள். வர்ஜீனியாவில் உள்ள அவர்களின் பயிற்சி நிலையம் ஒவ்வொரு மொழிக்கும் வாரக்கணக்கு வைத்திருக்கிறது. அரபுக்கும் சீனத்துக்கும் 88 வாரம், தமிழுக்கு 44. அப்படி 44 வாரம் தமிழ் படித்த ஒருவர் சென்னைத் துணைத் தூதரக விசா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து மதியம்வரை நம் ஆட்களின் கதைகளைக் கேட்கிறார். இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கும் மாற்றல் வந்துவிடும்.